மிளகாய்க்கு ஒன்று கழித்து

வாள்கள் அதிகம்.
கடற்போர் மட்டும் எழுபது பக்கம்,
நாற்பதில் முடித்திருக்கலாம்.
சோழர் காலத்து அடுக்களையில்
ஒருத்தி மிளகாய் அரைக்கிறாள்.
அது கப்பலேறி வர
இன்னும் ஐந்நூறு வருடம் இருக்கிறதே அம்மா!
பறக்கும் யாளியை நம்பிவிட்டேன்,
மிளகாயைத்தான் நம்ப முடியவில்லை.

இளவரசன் ஓயாமல் பேசுகிறான்
நிலவைப் பற்றி,
அவள் நெற்றியைப் பற்றி,
பெரும்பாலும் தன் தோள்களைப் பற்றி.
மீகாமன் மகள் எழினியோ
கோட்டை எரியும் இரவில்
நங்கூரக் கயிற்றில் கத்தியை வைத்தபடி
ஒரே ஒரு சொல் சொல்கிறாள்:
"ஏறு."

அந்த வரியில்தான்
போர்ட்டேஜ் சாலைப் பேருந்து
என் நிறுத்தத்தைத் தாண்டிப் போயிற்று.

வின்னிபெக், மைனஸ் இருபத்தெட்டு.
திரும்பி நடக்கிறேன்.
இமையில் பனி ஒட்டுகிறது.
கையுறைக்குள் ஒரு விரல் மட்டும்
இன்னும் பக்கத்தை விட்டு வரவில்லை.

பின்னால் ஹாரன்.
எங்கள் பழைய கரோலா,
ஒற்றை விளக்கு எரிய.
நிலவைப் பற்றி இதுவரை
எதுவுமே சொல்லாத சேந்தன்
உள்ளிருந்து எட்டிக் கதவைத் திறக்கிறான்.
"ஏறு."

மூன்று நட்சத்திரம்தான் நினைத்திருந்தேன்.
நான்கு.
இரண்டாம் பாகம் எப்போது?