அல்லது அதற்கு இணையான

விளம்பரத்தின் ஏழாவது வரி:
கலாநிதிப் பட்டம், அல்லது
அதற்கு இணையான அனுபவம்.

அந்த 'அல்லது'க்குள்
மூன்று நாளாய்க் குடியிருக்கிறேன்.
வெள்ளவத்தையில் இதைவிடச் சின்ன இடத்துக்கும்
ஆறு மாத முற்பணம் கேட்பார்கள்.

இணை என்றால் எவ்வளவு?
பதினொரு வருடம் தெமட்டகொடையில்
பிறர் எழுதிய நிரலில் பிழை பார்த்தது
எத்தனை அத்தியாயம் வரும்?

நுவந்திகா நல்ல மேலாளர்தான்.
ஆராய்ச்சியா, தாராளமாய்ச் செய் என்பாள்,
இரண்டு கிழமைக்குள்.
அறுந்த வாலைப் பல்லிகூட
இரண்டு கிழமையில் முளைப்பிப்பதில்லை.

ஆகவே இரவில் செய்தேன்.
மின்சாரம் வெட்டிய வருடம் அது.
எங்கள் ஒழுங்கை எஃப் குழு.
மாதிரி பாதி படித்துக்கொண்டிருக்கும்,
இருள் வரும்,
படித்ததெல்லாம் போய்
மறுபடி அரிவரியில் தொடங்கும்.
எதைக் காப்பாற்றினால் போதும்,
எதைத் தொலைத்தாலும் பரவாயில்லை
என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க
ஒன்பது மாதம் பிடித்தது.
எட்டுப் பக்கம் வந்தது.

மதிப்பாய்வாளர் ஒருவர் எழுதினார்:
மின் இத்தனை தடவை நிற்கும் என்ற எடுகோள்
யதார்த்தமானதல்ல.
பதிலைக் கைபேசியில் தட்டினேன்,
ஒன்பது வீத மின்கலத்தில்,
யதார்த்தத்தின் நடுவிலிருந்து.

கீழ்வீட்டில் இன்வேர்ட்டர் திருத்துபவர்
இரண்டு பழைய லொறி பற்றறி தந்தார்.
அவர் பெயரே கலாநிதி.
தகப்பன் ஆசையாய் வைத்தது.
சாதாரண தரத்தில் கணிதம் மூன்று தடவை.
நன்றியுரையில் அவர் பெயரைப் போட்டேன்.
துரொன்ஹைமிலிருந்து வாகீசன் கேட்டான்:
"எந்தக் கம்பஸ், அவர்?"

வாகீசன் போன வருடம் முடித்தவன். ஆறு வருடம்.
என் இரண்டாம் தேற்றத்தைப் பார்த்துச் சிரித்தான்.
நான் பிறந்த வருடமே அதை யாரோ நிறுவிவிட்டார்களாம்.
நான்கு மாதம் எனக்கு, அந்தத் தேற்றம்.
அங்கே என்றால்
தேநீர் ஊற்றும் இடத்திலேயே ஒருவர் சொல்லியிருப்பார்.
அதையும் கணக்கில் எழுத வேண்டும்,
நேர்மையாய் இருப்பதென்றால்.

பிறகு அவன் சொன்னான்:
"முதல் மூண்டு வருசமும் நான் பிழையடி. முழுப் பிழை.
ஒருத்தரும் ஏசேல்லை.
பிழையா இருக்கிறதுக்கு மாசாமாசம் சம்பளம் போட்டவை."

மரைன் டிரைவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.
பாணந்துறை ரயில் குறுக்கே போனதில்
அடுத்த இரண்டு வாக்கியம் கேட்கவில்லை.
திரும்பச் சொல்லச் சொல்லவுமில்லை.

பட்டத்தின்மேல் எனக்கு ஆசையில்லை.
(காலிமுகத்திடலையும் பட்டத்தையும் சேர்த்தால்
ஒரு சிலேடை கிடைக்கும். வேண்டாம்.)
அந்த மூன்று வருடத்தின்மேல்தான்
வயிறு எரிகிறது.
நானும் பிழையாய்த்தான் இருந்தேன்,
பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரை,
சொந்தச் செலவில்,
காலையில் சரியாய் இருக்க வேண்டிய வேலைக்கு
நூற்றிமுப்பத்தெட்டாம் இலக்க பஸ்ஸைத் தவறவிட்டு
முச்சக்கரவண்டிக்குக் காசு கொடுத்து.

படிவத்தில் ஒரு பெட்டி திறந்திருக்கிறது:
இணையான அனுபவத்தை விவரிக்கவும்,
இருநூறு சொற்களுக்குள்.

எழுதினேன்:
மூன்று வருடம் பிழையாய் இருக்கச் சம்மதம்.

அழிக்கவில்லை, இன்னும்.
மிச்சம் நூற்றுத் தொண்ணூற்றைந்து சொல்.