ஒன்பதுக்கு ஏழு

நார்வா நகரில் ஆற்றின் நடுவே ஓடுகிறது எல்லை.
அக்கரை வேறு நாடு.
இக்கரையில் மூடிப்போன நூற்பாலை,
அதன் முதுகில் ஒட்டிய கொதிகலன் அறை,
அதற்குள் ஒரு பச்சை மேசை, ஓரம் கிழிந்த வலை,
செவ்வாய்தோறும் ஆறு பேர்.

குடியை விட்டவர்கள் என்று எங்களைச் சொல்லலாம்.
ஊசியை விட்டவர்கள் என்றும்.
விட்டுக்கொண்டிருப்பவர்கள் என்பதுதான்
இலக்கணப்படி சரி.

நடுவர் ஹெல்யு.
இருபது வருடம் ரயிலில் பயணச்சீட்டு பரிசோதித்தவள்.
குடித்ததற்காக அதே ரயிலிலிருந்து
இறக்கிவிடப்பட்டவள்.
விதிகள் அவளுக்கு மனப்பாடம்:
சர்வீஸ் போடும்போது உள்ளங்கையை விரிக்க வேண்டும்.
பந்து அதன்மேல் சும்மா கிடக்க வேண்டும்.
எதிராளியின் கண்ணுக்கு மறைக்கக் கூடாது.
பதினாறு சென்டிமீட்டராவது மேலே எறிய வேண்டும்.
இதற்கென்றே ஒரு மர அளவுகோல் வைத்திருக்கிறாள்.

எனக்கு முதல் விதியிலேயே இடித்தது.
பதினொரு வருடம்
இந்தக் கையை மூடியே வைத்திருந்தேன்.
உள்ளே ஒரு பொட்டலம் இருக்கும்,
இல்லையென்றால் அதற்கான காசு,
ஒருமுறை மகனின் பால்பல் மடித்த காகிதம்;
பொட்டலம் என்று நினைத்துப் பிரித்துவிட்டேன்.
ஒன்றுமே இல்லாத நாளிலும் மூடியிருக்கும்.
விரித்தால் நடுங்கும்,
நடுங்கினால் பந்து உருண்டு விழும்.
தப்பு, என்பாள் ஹெல்யு.
தப்பு.
தப்பு.
எந்த நீதிபதியும் என்னிடம் அந்தச் சொல்லை
இத்தனை பொறுமையாகச் சொன்னதில்லை.

எதிரே ரோதியோன்.
என் தையல் இயந்திரத்தைத் திருடி விற்றவன்.
அந்தக் காசில் வாங்கியதில் பாதியை
எனக்கே கொண்டுவந்து தந்தவன்.
அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.
முதல் மாதம் அவன் மூக்கைக் குறிபார்த்து அடித்தேன்.
பிறகு மேசையின் மூலையைக் குறிபார்த்தேன்.
எந்த வாரம் மாறியது என்று தெரியவில்லை.

மருத்துவர் மூளையின் படம் காட்டினார்,
விளையாடினால் எந்த இடம் விழிக்கும் என்று.
இருக்கலாம்.
எனக்குத் தெரிந்ததெல்லாம் எட்டு நொடி.
பந்து இங்கும் அங்குமாய்ப் போய்வரும் எட்டு நொடியில்
அது வேண்டும் என்று தோன்றவில்லை.
ஒன்பதாவது நொடியில் தோன்றியது.
அதற்குள் அடுத்த பந்து.

பிப்ரவரியில்,
நான் ஒன்பது, அவன் ஏழு,
மின்சாரம் போய்விட்டது.
கரும்பலகையில் எண்களை அப்படியே விட்டுப் போனோம்.
அடுத்த செவ்வாய் அவன் வரவில்லை.
அதற்கடுத்ததும்.
யாரும் காரணம் கேட்கவில்லை.
எங்களுக்குத் தெரியாத காரணமா?

மேசையின் ஒரு பாதியை நிமிர்த்தித்
தனியாக ஆடிப் பார்த்தேன்.
பலகை திருடாது, தோற்காது,
ஒரு நாளும் வராமல் இருக்காது.
ஆனால் அதற்கு வியர்ப்பதில்லை.

புதிதாய் வந்த ஒருவன்
பழைய எண்களை அழிக்கப் போனான்.
ஹெல்யு அளவுகோலால் அவன் விரலில் ஒரு போடு போட்டாள்.

ஆற்றில் பனி உடைந்து மிதந்த வாரம் வந்தான்.
கன்னம் ஒட்டி,
யாருடையதோ ஒரு கோட்டுக்குள் தொங்கிக்கொண்டு.
வாசலிலேயே நின்று பலகையைப் படித்தான்.
ரிம்மா, உன் சர்வீஸ்தானே, என்றான்.
ஆமாம், என் சர்வீஸ்தான்.

அவன் மட்டை நடுங்கியது. என் கையும்.
இரண்டு நடுக்கங்களுக்கும் நடுவே கிழிந்த வலை.
உள்ளங்கையை விரித்தேன்.
பந்து விரல்நுனி வரை போய்
என்ன நினைத்ததோ, திரும்பி வந்து
நடுவில் கிடந்தது.
எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும்.
எறிந்தேன்.
ஹெல்யு அளவுகோலைத் தொடவில்லை.

வலையில் முட்டி என் பக்கமே விழுந்தது.

ஏழை அழித்து எட்டு எழுதினாள்.
சுண்ணாம்புத் தூசி பறந்தது, ரோதியோன் இருமினான்,
இருமிக்கொண்டே பந்தைப் பொறுக்கி
எனக்கு உருட்டிவிட்டான்.
இன்னும் ஒரு சர்வீஸ் இருக்கிறது எனக்கு.