வாசலில் கை பார்ப்பவள்

காலை ஆறு நாற்பதுக்குச்
சந்தூர்ப் பேருந்து இறக்கிவிட்டுப் போகும்
அறுபத்திரண்டு பேரின் கைகளை
நான் பார்த்தாக வேண்டும்.
உள்ளங்கை. புறங்கை. விரலிடுக்கு. நகம்.
ஆளுக்கு ஐந்து நொடி.

ஜோசியம் என்று சிரிப்பாள் காவேரியம்மாள்.
"கல்யாண ரேகை இருக்கா பாரு."
மூன்று பிள்ளை பெற்றவள்.
இருக்கு போ என்று தள்ளிவிடுவேன்.

காவேரிப்பட்டினம் சாலையில் எங்கள் மாங்கூழ் கம்பெனி
மே கடைசியிலிருந்து மூன்று மாதம்
மூச்சு வாங்காது.
லாரி லாரியாகப் பெங்களூரா,
காம்பு ஒடிந்த இடத்தில் வடியும் பால்
பட்ட இடம் கருகும்.
கொப்புளம், சீழ், சேற்றுப்புண், நகச்சுற்று
எதுவானாலும் உள்ளே விடக் கூடாது.
பதிவேட்டில் சிவப்பு மை.
அன்றைய கூலி இல்லை.

சென்னையிலிருந்து ஒருவர் வந்து
ஒருநாள் பயிற்சி கொடுத்தார்.
தோல் என்றால் போர்வை என்று நினைத்திருந்தேன்.
இல்லையாம், சுவராம்.
செத்த செதில்கள் செங்கலாக,
இடையில் சாந்தாகக் கொழுப்பு.
மேலே வியர்வையும் எண்ணெயும் குழைந்த
லேசான புளிப்பு.
நம் நாக்குக்குத் தெரியாது,
கிருமிக்குத் தெரியும்.
அதற்கும் மேலே,
புறம்போக்கில் முதலில் குடிசை போட்டவர்களைப் போல
கோடிக்கணக்கில் சின்ன உயிர்கள்,
பிறந்த நாளிலிருந்து நம்மேல் குடியிருப்பவை,
அடுத்தவன் வந்து முளையடிக்க
இடம் விடாதவை.

கை தூக்கிக் கேட்டேன்:
"அரைமணிக்கு ஒருதரம்
குளோரின் தண்ணியில கையை முக்கச் சொல்றீங்களே,
அதுங்க என்ன ஆகும்?"
அவர் அடுத்த படத்துக்குப் போனார்.
மிக்சரும் டீயும் வந்தன.

ஜூலை பதினேழு. மாதம்மாள்.
வலது நடுவிரலில் மருதாணி,
அந்த ஒரு விரலில் மட்டும்.
நகத்தோரம் அழுத்தினேன்.
வாய் திறக்கவில்லை,
கண்ணில் நீர் வந்து நின்றது.
மருதாணிச் சிவப்புக்கு அடியில்
வேறொரு சிவப்பு, வீங்கிப் பளபளவென்று,
ஓரத்தில் கடுகளவு மஞ்சள்.

எட்டு மணி நேரம் கொட்டை பிரிக்கும் கை.
ஈரம் காயாத கை.
சாந்து கரைந்த சுவரில்
எவன்தான் நுழைய மாட்டான்?

"ராத்திரி எலுமிச்சம்பழம் சொருகிக்கிட்டேன்க்கா.
நாளைக்குச் சரியாயிடும்."
பின்னால் வரிசை நெளிந்தது.
சிவப்பு மையால் எழுதினேன்.
முந்நூற்று எண்பது ரூபாய்.

பின்பக்கம் மாந்தோல் வண்டி தள்ளவாவது
அனுப்பட்டுமா என்று யுவராஜிடம் கேட்டேன்.
அதுக்கு ஆம்பளைங்க இருக்காங்க என்றான்.
பெரியாஸ்பத்திரிக்குப் போய்க் கீறிவிட்டு வா,
பேருந்துக்கு வைத்துக்கொள் என்று நீட்டினேன்.
வாங்கவில்லை.

இரவு குளிக்கும்போது
பாவாடை நாடா இறுகும் இடத்தில்
என் வளையத்தைத் தொட்டுப் பார்த்தேன்.
படர்தாமரை. இரண்டு மாதமாக.
எந்தப் புண்ணியவான் இதற்குத்
தாமரை என்று பேர் வைத்தானோ.
மருந்துக்கடைக்காரர் கொடுத்த டியூபுக்கு
மூன்று நாள் மங்குகிறது,
விட்டால்
இன்னும் அகலமாய்ப் பூக்கிறது.
என் இடுப்பை
யாரும் வாசலில் நிறுத்திப் பார்ப்பதில்லை.

ஒன்பதாம் நாள் வந்தாள்.
முகத்துக்கு நேரே கையை நீட்டினாள்.
நகத்தில் பாதி போயிருந்தது.
அதன் ஓரம்
ஈசல் இறகு போல மெல்லிசாய்,
ரோஜா நிறத்தில் புதுத் தோல்,
இன்னும் சரியாகக் குடிவராத வீடு.
ஐந்து நொடிக்கு மேலேயே பிடித்திருந்தேன் போல.
"மூவாயிரத்து நாப்பது ரூபாய்க்கா" என்றாள்,
கையை உருவிக்கொண்டு.

பதிலுக்கு நிற்காமல் உள்ளே போனாள்.
முதல் வேலையாய்
குளோரின் தொட்டியில்
மணிக்கட்டு வரை முக்கினாள்.
எண்ணியபடி நின்றாள்,
சுவரில் எழுதியிருக்கிறதே,
அந்த இருபது வரை.