கன்னியாவுக்குப் போகாத நான்கு நாள்

பேக்கரியில் இரவு வேலை அவனுக்கு.
தபாற்கந்தோரில் பகல் வேலை எனக்கு.
பதினொரு வருடமாக ஒரு கட்டிலின் சூட்டைக்
கைமாற்றிக்கொண்டு வாழ்கிறோம்.
நான் எழுந்த பள்ளத்தில் அவன் படுப்பான்.

இந்த முறை இரண்டு லீவும் ஒரே கிழமையில் விழுந்தது.
திருகோணமலை என்றான் சந்தனம்.
கன்னியாவில் ஏழு கிணறு, ஏழுக்கும் ஏழு சூடு.
பிறகு கடலோரமாகவே
நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை,
எந்த ஊரில் பசிக்கிறதோ அந்த ஊரில் மீன் என்று
மாவு படிந்த கலண்டரின் பின்பக்கம் எழுதினான்.
நான் ஒரு சிவப்புக் குடை வாங்கினேன்.
கடலுக்கு எதற்குக் குடை என்று கேட்காதது
அவனுடைய நல்ல குணம்.

பதுளை வீதியில் மண் சரிந்திருந்தது.
திறக்க மூன்று நாளாகுமாம்.
பண்டாரவளை வீட்டுக்குத் திரும்பினால்
யாராவது வேலைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள்.
எதிர்ப்பக்கம் நின்ற பஸ்ஸில் ஏறினோம்.
அரை மணி நேரம்.
அப்புத்தளை.

சோமலதா நோனாவின் மாடியில் அறை.
வெந்நீர் உண்டு என்று
வாசல் பலகையில் மூன்று மொழியில் இருந்தது.
குழாய்க்கு அதில் ஒன்றும் தெரியவில்லை.
சொன்னதும் சிரித்து, அண்டாவை அடுப்பில் ஏற்றினாள்.

முதல் வாளி கை பொறுக்கவில்லை.
இரண்டாவதைப் படியேறும்போதே பாதி சிந்தினான்.
இது மூன்றாம் கிணறு,
இது நான்காம் கிணறு, பாவம் போகும், குனி என்று
ஐயர் குரலில் சொல்லிச் சொல்லி
என் முதுகில் ஊற்றினான்.
ஐந்தாம் கிணற்றோடு கேஸ் தீர்ந்தது.
தலை நிறைய நுரையோடு நான்.
மிச்சம் இரண்டு கிணறு இன்னும் கடன்.

துவட்டும்போதுதான் பார்த்தேன்,
போறணைத் தட்டு சுட்ட தழும்புகள்
அவன் முன்கையில்.
எண்ணினேன். பதினான்கு.
ஒன்று இன்னும் இளஞ்சிவப்பு.
இது எப்ப?
போன மாசம்.
சொல்லவே இல்லியே?
நீ தூங்கிட்டு இருந்த.

இரண்டாம் நாள் ஒன்றும் செய்யவில்லை.
மத்தியானம் மூன்று மணிக்கு மஞ்சு வந்து
எதிர்க்கடையை மறைத்தது.
நாலரைக்குத் திருப்பிக் கொடுத்தது.
கடையில் அதே ஆள், அதே வாழைப்பழக் குலை.
பார்த்துக்கொண்டே இருந்தோம்.

மூன்றாம் நாள் விடிய,
தண்டவாளத்தோடு நடந்து
தெற்கே மலை சட்டென்று முடிகிற இடத்தில் நின்றோம்.
கீழே காடு, அதற்குக் கீழே நீலம், அதற்கும் அப்பால்
அலுமினியத் தட்டின் விளிம்புபோல ஒரு கோடு.
கடல் என்றான்.
மேகம் என்றேன்.
ஸ்பானரோடு வந்த ரயில்வே ஆள்
நின்று, கண்ணைச் சுருக்கி,
வானம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊருக்குள் திரும்பும்போது
மீன் பெட்டி கட்டிய மோட்டர் சைக்கிள்,
மஹ்ரூப் என்று பெயர்.
சந்தனம் ஒவ்வொரு மீனாகத் தொட்டு
இது எந்த ஊர், இது எந்த ஊர் என்றான்.
சூரை கிரிந்தையிலிருந்து.
பாரை தங்காலை.
சாளை எந்த ஊரென்று மஹ்ரூப்புக்கே தெரியாது,
யாரோ வள்ளத்தில் வந்து கொடுத்தது.
இப்படியாகக் கடற்கரைக் கிராமங்கள் எல்லாவற்றையும்
பத்து நிமிடத்தில் சுற்றிப் பார்த்தோம்.
எத்தனை மணிக்கு எழும்புவீங்க?
ரெண்டு.
நான் ரெண்டு மணிக்கு மாவு பிசைவேன் என்றான் இவன்.
இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள்,
வேலை வாசனையோடு.
பெட்டியில் உருகிய தண்ணீரில்
விரலை நனைத்து நாக்கில் வைத்தேன்.
உப்பு.
என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

பாதை திறந்துவிட்டதாம், ரேடியோவில் சொன்னார்கள்.
இன்னும் ஒரு ராத்திரி இருந்துவிட்டுப் போவோம் என்றது
யார் என்று ஞாபகமில்லை.

சரியாக இரண்டு மணிக்கு அவன் எழுந்தான்.
இருட்டில் சட்டையைத் தேடி,
குடையில் இடறி,
பிசைய மாவில்லாத ஊரில் கொஞ்ச நேரம் நின்று,
திரும்பி வந்து படுத்தான்.
பள்ளம் சூடாக இருந்தது.
அதில் நான் இருந்தேன்.