பதினான்குக்கும் பதினைந்துக்கும் நடுவில்

குதைபியாவில் கார் நிறுத்தும் அடித்தளம்.
வெள்ளிக்கிழமை, இரவு பத்தரை.
சாக்பீஸால் தரையில் ஒரு சதுரம் கீறி
"இதுதான் லிஃப்ட், மூணு பேரும் உள்ளே வாங்க"
என்கிறார் குளோரிந்தா.
பகலில் அவர் பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில்.
என் ஆவணப்படத்தின் முதல் காட்சி இது.
யாரோ வண்டியைப் பின்னால் எடுக்கும் பீப் பீப்பை
எவ்வளவு வடிகட்டியும் நீக்க முடியவில்லை.

கதை இவ்வளவுதான்:
பதினான்காம் மாடிக்கும் பதினைந்துக்கும் நடுவே
நின்றுபோன லிஃப்டில் மூவர்.
ஒருவன் கையில் முதலாளி மகளின் பிறந்தநாள் கேக்.
ஒத்திகையில் கேக் என்பது
மீரானின் பாதுகாப்புத் தொப்பி,
கவிழ்த்துப் பிடித்தது, உள்ளே வியர்வை வாடை.
"அப்படித் தூக்காதேய்யா,
ஏழு தினார் அது."

எதைப் பற்றிய நாடகம் என்று கேட்டேன்.
"லிஃப்டைப் பத்தி."
இரண்டு மாதம் கழித்து மறுபடி கேட்டேன்.
"கேக்கைப் பத்தி, தம்பி. லைட்டைத் தள்ளு, கண்ணு கூசுது."

அரபியில் பெயர்த்த பிரதியோடு
அனுமதிக்குப் போன அன்று
கேமராவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.
என்னிடம் இருப்பது மூடிய கதவு, நாற்பது நொடி.
அவர் துப்பட்டாவில் கழற்ற மறந்த மைக்கில்
தாள் புரளும் ஓசை,
பிறகு ஒரு முதிய குரலின் சிரிப்பு.
திரும்பும் டாக்ஸியில் பக்கம் பக்கமாகத் தேடினார்:
"எங்கேயும் நான் சிரிப்பு எழுதலையே."

அரங்கேற்றத்துக்கு நிஜக் கேக்.
இரட்டை ஷிஃப்ட் முடித்து நேரே வந்த மீரானுக்கு
வேஷம் தேவைப்படவில்லை.
முப்பத்திரண்டாம் நிமிடம்
பெட்டியைத் திறந்தான். அது எழுத்தில் இல்லை.
ஓரத்து ரோஜாவை விரலால் வழித்து வாயில் வைத்தான்,
மற்ற இருவருக்கும் நீட்டினான்.
வசனம் நின்றது.
மூவரும் தின்றார்கள், தின்றுகொண்டே இருந்தார்கள்.

நான் அதைப் படம் பிடிக்கவில்லை.
என் கேமரா திரை மறைவில் அவர் முகத்தின் மேல் இருந்தது.
மேடையில் யாரும் சொல்லாத வரிகளை
மூவருக்கும் சேர்த்து
அவர் உதடு சொல்லிக்கொண்டே போகிறது, சத்தமில்லாமல்.
ஒரு வரியில் சட்டென்று சிரிக்கிறார்.
எந்த வரி?
ஓட்டி ஓட்டிப் பார்க்கிறேன்,
உதட்டைப் படிக்கத் தெரியவில்லை.

இன்னும் ஒரு பேட்டி வேண்டும் என்றேன்.
திங்கள் மதியம் வரச் சொல்லியிருக்கிறார்,
பல் பிடுங்கும் கூட்டம் குறைந்த பிறகு.