குரல் அளவு

அதிகாலை ஐந்தேகாலுக்கு மார்த்தாண்டம் மேம்பாலத்தடியில்
என் ஸ்கூட்டரில் ஐஸ்பெட்டி, அதற்குள் பதினொரு குழாய்.
ஊதா மூடி, சிவப்பு மூடி, சர்க்கரைக்குச் சாம்பல் மூடி.
வீடு வீடாய்ப் போய் ரத்தம் எடுப்பது என் வேலை.
வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்பேன்.
அழைக்காமல் நுழையக் கூடாதவர்கள்
உலகத்தில் இரண்டே இனம்.
மற்ற இனத்தைப் பற்றித்தான் இந்தக் கவிதை.

பழைய ஆட்டத்தில் அவளுக்குக் குரல் கிடையாது.
படம் அசையாமல் நிற்கும், கீழே எழுத்து ஓடும்,
மழை என்றால் ஒரே மழை,
நாலு நொடிக்கு ஒருமுறை முதலிலிருந்து பெய்யும்.
யாரோ உறக்கமில்லாமல் ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்திருந்தார்கள்.
எனக்கு அந்த ஆங்கிலம் ஓடாது.
குழித்துறை விடுதி, அறை ஒன்பது, ரெஜிலாவின் லேப்டாப்.
எண்ணூறு வருஷத்து ரத்தக்காரியை
அவள் விளவங்கோட்டுத் தமிழில் வாசிப்பாள்:
“எனக்கு வயசு எண்ணூறாச்சு பிள்ளே,
ஒனக்க கழுத்தெ பாத்தா மட்டும் பசிக்கல்ல.
இருந்து பேசு. பைய போலாம்.”

பத்தரைக்கு வார்டன் மெயினை அணைப்பாள்.
பாட்டரி தீரும்வரை வாசிப்பு.
தீர்ந்த பிறகு இருட்டில்
யாரும் எழுதாததையும் வாசிப்பாள்.
எது ஆட்டத்தில் இருந்தது, எது ரெஜிலா சொன்னது,
இன்றுவரை எனக்குத் தெரியாது.

மஸ்கட் போனாள். ஞாயிறுதோறும் அழைத்தாள்.
பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு நட்சத்திரப் படம்.
பிறகு நம்பர் மாறிற்று, என்னுடையதோ அவளுடையதோ.
சண்டை ஒன்றும் இல்லை.
சண்டை என்றால் பிடித்திழுக்க ஒரு முனையாவது இருக்கும்.

இப்போது புதிதாகச் செய்திருக்கிறார்கள்.
ஒன்பது தவணையில் கைப்பெட்டி வாங்கினேன்.
சின்ன ஊர் மாநகரமாகிவிட்டது,
நிலா பெருத்துவிட்டது,
அவள் தலைமுடி இழை இழையாய் அசைகிறது.
பழையதில் ஐந்து பெண்கள், ஐந்து வழிகள்.
இதில் இரண்டே வழி. மற்றவை பின்னால் வருமாம்.
ரெஜிலாவுக்குப் பிடித்த வேலைக்காரப் பெண்
தேநீரை வைத்துவிட்டுப் போகிறாள்,
அவள் பின்னால் போக ஒரு கதவும் திறக்கவில்லை.

வெளியே நிஜ மழை.
பின்வீட்டு ரப்பர் மரங்களுக்குக் கட்டிய பிளாஸ்டிக் பாவாடை
காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.
பத்து நிமிஷம் அவள் வாய் திறக்கவில்லை.
திறந்தாள்.
ஜப்பானியக் குரல், கண்ணாடியில் ஸ்பூன் தட்டினது போல.
அழகு. குறை சொல்ல ஒன்றுமில்லை.
என் ரத்தக் குழாயில்
வேறொருத்தி பெயரை ஒட்டினது போல இருந்தது.

அமைப்புகளுக்குள் போனேன்.
இசை எழுபது. மழை எண்பது.
குரலைப் பைய இழுத்து, பூஜ்யம்.
இப்போது உதடு மட்டும் அசைந்தது.
எழுத்தைப் பார்த்தேன். ஆங்கிலம் இப்போது எனக்கு ஓடுகிறது:
மணி என்ன என்று கேட்கிறாள், அவ்வளவுதான்.
“இருந்து பேசு பிள்ளே” என்றேன், சத்தமாகவே.
என் வாயில் அது வரவில்லை.
கிட்டத்தில்கூட இல்லை.

நாலரைக்கு அலாரம். முதல் வீடு உண்ணாமலைக்கடை,
வெறும் வயிறு, சாம்பல் மூடி.
திரையில் இரண்டு தெரிவுகள்:
உள்ளே அழைக்கலாம். கதவைச் சாத்தலாம்.
இரண்டையும் தொடாமல் தலைமாட்டில் வைத்தேன்,
பாட்டரி தீரட்டும் என்று.