நெல்லைக்கு எத்தனை எழுத்து

வண்ணாரப்பேட்டை, ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி.
நாலு பேர், மூன்று மடிக்கணினி,
அறைச்சூட்டை அறைக்கே திருப்பித் தரும் விசிறி.
பள்ளிக்கூடம், பஞ்சாயத்து, சிற்றிதழ்,
யாரும் காசில்லாமல் எடுக்கலாம்,
யாரும் பிரித்து மேயலாம் என்று ஒரு மென்பொருள்.
ஒரு வரி எழுதவில்லை இன்னும்.
எந்த மொழியில் என்பதிலேயே
மூன்று ஞாயிறு போயிற்று.

ரஸ்ட் என்றான் சொரிமுத்து.
'பாறை மாதிரி நிக்கும்டே.'
'பேரே துரு' என்றாள் நாகூர்மீராள்.
அவளுக்குப் பைத்தான்;
மேலப்பாளையத்தில் அவள் வகுப்பே அதில் எழுதுகிறது.
நான் எலிக்ஸர் என்றேன்.
அப்படி ஒன்று இருப்பதே
அந்த மாடியில் எனக்கு மட்டும் தெரியும்.

'நெல்லை' என்று தட்டி
நீளம் கேட்டோம்.
ரஸ்ட் பதினெட்டு என்றது.
பைத்தான் ஆறு.
எலிக்ஸர்தான்
ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல் மடக்குவதுபோல
மூன்று.
நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன்.

ஜெபக்கனி அதுவரை வாய் திறக்கவில்லை.
நாற்பத்தொரு தளங்கள்
அவள் போனில்தான் விழும், எழும்பும்.
'முக்கூடல் பள்ளிக்கூடத்துல சித்திரைவேல்னு ஒரு கிளார்க்கு.
மாசம் தொண்ணூத்தொம்பது ரூவா சர்வர்.
அதுல பிஎச்பி மட்டுந்தான் ஓடும்.
பரீட்சை முடிவு அன்னைக்கு ராத்திரி படுத்துக்கிட்டுன்னா
ஒன் மூணு எழுத்த வச்சு
அவரு என்னடே செய்வாரு?'

கீழே எந்திரம்
யாருடைய பட்டாவையோ
ஐந்து தடவை விழுங்கித் துப்பியது.

பிஎச்பியையும் கேட்டோம், ஒரு மரியாதைக்கு.
பதினெட்டு.
'அத மூணாக்க ஒரு ஃபங்ஷன், அம்புட்டுதான?
நீயே எழுது.'

எழுதினேன், பல்லைக் கடித்துக்கொண்டு.
பதினோரு வரி.
முதல் கோப்பே அதுதான்.
உரிமத்தை ஒட்டித் திறந்து வைத்தோம்.

ஐப்பசி மழையில்
ஊர் பாதி மின்சாரமில்லாமல் கிடந்த வாரம்
முதல் திருத்தம் வந்தது.
வெளிநாட்டிலிருந்து இல்லை, முக்கூடலிலிருந்து.
ஏழாவது வரி.
ஏழாம் வகுப்புப் பட்டியலில் ஸ்ரீவள்ளி
ஓரெழுத்து கூடுதலாய் நிற்கிறாளாம்.
'ஐயா, ஸ்ரீ என்பது ஒன்று.
தாங்கள் இரண்டாக எண்ணியுள்ளீர்கள்.
மாற்றியிருக்கிறேன், சரிபார்க்கவும்.
சி. சித்திரைவேல், இளநிலை உதவியாளர்.'

சரிபார்த்தேன். சேர்த்தேன்.
பிறகு கதவைச் சாத்திவிட்டு
எலிக்ஸரிடம் தனியாகக் கேட்டேன்,
ஸ்ரீ எத்தனை என்று.

இரண்டு என்றது.